சீதனமாகக் கொடுத்த வீட்டுக்கு உறுதி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்புப் பகுதியில் மகளைக் கட்டிக் கொடுக்கும்போது வீட்டையும் வளவையும் அவளுக்கே விட்டுவிட்டு, பெற்றோர் அதே வளவின் மூலையிலோ அடுத்த தெருவிலோ சிறிய வீடொன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவது காலங்காலமாக நடந்துவரும் வழக்கம். அந்த வழக்கத்தில் குறை காண நான் இக்கடிதத்தை எழுதவில்லை. கொடுத்த வீட்டுக்கு உறுதி (உரித்தைக் கைமாற்றும் காணிப் பத்திரம்) எழுதாமல் விட்டால், பல வருடங்கள் கழித்து அதை விற்க முனையும்போது என்ன நேர்கிறது என்பதை எங்கள் குடும்பத்திலேயே கண்டதால் எழுதுகிறேன்.

ஆரையம்பதியிலுள்ள எங்கள் வீட்டை 1984இல் அம்மா மூத்த அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்தார். ஊரறியக் கொடுத்தார். சோலைவரிப் பற்றுச்சீட்டும் மின்சாரப் பட்டியலும் அத்தானின் பெயருக்கு மாறின. உடன்பிறந்த நாங்கள் நால்வரும் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. சென்ற வருடம் அக்கா அந்த வீட்டை விற்க முடிவு செய்து ஒருவரிடம் முற்பணமும் வாங்கிய பின்னர், வாங்குபவரின் நொத்தாரிசு (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) காணிப் பதிவகத்தில் பதிவேட்டைப் பார்த்தார். கடைசியாகப் பதிவாகியிருந்தது 1961ஆம் ஆண்டின் அறுதி (விற்பனை) உறுதி. அதில் உரித்தாளர் எங்கள் அம்மா. அதற்குக் கீழே பக்கம் வெறுமையாக இருந்தது.

காணியின் உரித்தைக் கைமாற்றும் எந்த ஆவணமும் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் ஒப்பமிடப்பட வேண்டும் என்பதை 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் விதித்திருக்கிறது. ஆகவே அம்மாவின் வாய்ச்சொல்லும், அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஊரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுமில்லை. தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் எங்களையும் கட்டுப்படுத்தும் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். அது வடமாகாணத் தமிழருக்குரியது. எங்கள் பகுதிக்கென்றிருந்த முக்குவர் சட்டமோ 1876ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு வழக்கொழிந்தது. அந்தச் சட்டத்தின்படி, மரணசாதனம் (உயில்) எழுதாமல் இறந்தவரின் சொத்தில் பாதி துணைக்கும் மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். அம்மாவுக்குப் பின் அப்பாவும் போய்விட்டதால், அக்கா நாற்பது வருடம் கூட்டிப் பெருக்கி, கூரை மாற்றி, கிணறு வெட்டி வாழ்ந்த வீட்டில் அவருக்கு உரியது ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே என்றாயிற்று.

நாங்கள் விட்டுக்கொடுக்கத் தயாராகத்தான் இருந்தோம், ஆனால் விட்டுக்கொடுப்பதற்கும் உறுதி வேண்டும். கனடாவிலுள்ள தம்பி அங்குள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாக, தன் சார்பில் ஒப்பமிட ஒருவருக்கு அதிகாரமளிக்கும் அட்டோனித் தத்துவம் அனுப்ப வேண்டியிருந்தது. அண்ணா மூன்று வருடங்களுக்கு முன் இறந்துவிட்டதால் அவருடைய பங்கு அண்ணிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் பிரிந்திருந்தது; இளையவனுக்கு வயது 14. வயது வராத பிள்ளையின் பங்கை மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. பத்து வருட ஆட்சியைக் காட்டி உரித்துக் கோரலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புச் சட்டம் அவ்வாறு இடமளிப்பது உண்மைதான். ஆயினும் கூட்டுரிமையாளரில் ஒருவர் இருந்து அனுபவிப்பது எல்லோருக்காகவும் அனுபவிப்பதாகவே கொள்ளப்படும் என்றும், மற்றவர்களை வெளியேற்றியதற்கு ஒப்பான செயல் நிறுவப்பட வேண்டும் என்றும் அக்காலத்தில் எங்கள் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில் 1911இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. தம்பி வந்தால் முன்னறையில் பாய் போட்டுக் கொடுக்கும் அக்கா யாரை வெளியேற்றினார்? வாங்க வந்தவர் நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு முற்பணத்தைத் திருப்பிக் கேட்டார். அவர்மேல் தவறில்லை.

இதைத் தவிர்க்க வழி உண்டு. திருமணத்தின்போதே நன்கொடை உறுதி எழுதி, பெற்றோர் தாம் உயிரோடிருக்கும்வரை அனுபவிக்கும் சீவிய உரித்தை அதில் ஒதுக்கி வைத்துக்கொண்டால் மகளுக்கும் பாதுகாப்பு, வயதான காலத்தில் பெற்றோரை யாரும் வெளியேற்றவும் முடியாது. நன்கொடையை மகள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும், அதே உறுதியில் ஒப்பமிட்டு ஏற்பதே நல்லது என்பதையும் மறக்கக்கூடாது. ஏற்பு இல்லாத நன்கொடை நிற்காது. முத்திரைத் தீர்வைக்குப் பயந்து எழுதாமல் விடுவோர் உண்டு. விற்பனை உறுதிக்கு முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் அறவிடப்படுகிறது. நன்கொடைக்கு அதைவிடக் குறைவு. மண்டபத்துக்கும் வீடியோவுக்கும் செலவழிப்பவர்கள் இதற்குக் கணக்குப் பார்ப்பது எனக்கு விளங்கவில்லை.

அக்காவின் விடயத்துக்குப் பிறகு நான் என் சொந்த வளவின் உறுதியை எடுத்துப் பார்த்தேன். உறுதியை எழுதுமுன் காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்து (பழைய பதிவுகளைப் பார்த்து), பதிவேட்டின் தொகுதி எண்ணையும் பக்கத்தையும் உறுதியின் தலைப்பில் எழுத வேண்டியது நொத்தாரிசின் கடமை. கட்சிக்காரர் எழுத்து மூலம் வேண்டாம் என்றால் மட்டும் அது கட்டாயமில்லை. என் உறுதியின் தலைப்பில் எதுவும் இல்லை. அதனுடன் ஊசி குத்தியிருந்த அரைத்தாளில் தேடுதல் தேவையில்லை என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. அடியில் என்னுடைய கையொப்பம். அதை வாசித்துக் காட்டியதாக எனக்கு நினைவில்லை, நானும் கேட்கவில்லை. காணிப் பதிவகத்துக்குப் போய்ப் பார்த்தபோது, முந்தைய உரிமையாளர் கடனுக்கு வைத்த ஈடு (அடைமானம்) ஒன்று மீட்கப்பட்டதாகப் பதிவாகாமல் அப்படியே கிடந்தது. கடன் எப்போதோ கட்டி முடிந்திருந்ததால் நான் தப்பினேன்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும் அம்பாறையின் குடியேற்றப் பகுதிகளிலும் இதைவிடப் பாரதூரமான ஒன்று நடக்கிறது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பேமிட் (அரச அனுமதிப்பத்திர) காணிகளை வெள்ளைத்தாளில் எழுதி, சமாதான நீதவான் ஒருவரின் முத்திரையோடு விற்கிறார்கள். பேமிட் காணியைக் கைமாற்றும் உறுதியை எந்த நொத்தாரிசும் அத்தாட்சிப்படுத்தக் கூடாது. பேமிட்டுக்கு அடுத்த படியான அளிப்புப் பத்திரம் பெற்ற காணிக்கும் பிரதேச செயலாளரின் முன்சம்மதம் எழுத்தில் வேண்டும். வெள்ளைத்தாளுக்குப் பணம் கொடுத்தவரிடம் இருப்பது தாள் மட்டுமே.

தேடுதலைத் தவிர்க்கும் கடிதத்தில் கையொப்பம் வாங்குமுன் அதைத் தமிழில் எழுதி, வாசித்து, விளங்கப்படுத்த வேண்டும் என்று எங்கள் பகுதி நொத்தாரிசுமாரைத் தங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன். பிரதேச செயலகங்கள் கிராமங்களில் நடத்தும் நடமாடும் சேவைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை அலுவலர்களோடு காணிப் பதிவக உத்தியோகத்தர் ஒருவரையும் அழைத்து வந்தால், தம் வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதை எத்தனையோ பெண்கள் அன்றே அறிந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஆரையம்பதி.