பொருள்: ஸ்கூட்டர் ஆயிலை ஊற்றிவிட்டு கிளட்ச் பிளேட்டைக் குறை சொன்னது குறித்து

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர்

ஐயா / அம்மா,

வணக்கம். என்னுடையது 18 வருடப் பழைய கியர் வண்டி. உங்கள் சர்வீஸ் சென்டரில் ஆயில் மாற்றிய மூன்றாவது வாரமே கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. கடைசி கியரில் மேட்டில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை முறுக்கினால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி போகவில்லை. சூடேறிய பிறகு இன்னும் மோசம். சிக்னலில் நின்றால் கருகல் வாசனை.

திரும்பக் கொண்டுவந்தேன். வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பிளேட் தேஞ்சு போச்சு சார், பழைய வண்டி இல்லையா" என்றார் உங்கள் ஊழியர். சரி என்று புது பிளேட் செட் போடச் சொன்னேன். மறுநாள் வண்டி வந்தது. இரண்டே நாளில் அதே வழுக்கல். மறுபடி போனதற்கு, "இந்த வயசு வண்டிக்கு இவ்வளவுதான்" என்று பதில் வந்தது. அதற்கு மேல் அங்கே நிற்கத் தோன்றவில்லை.

வீட்டில் நானே உட்கார்ந்தேன். முதலில் கிளட்ச் லிவரைத் தொட்டுப் பார்த்தேன். ப்ளே, அதாவது லிவர் இறுகுவதற்கு முன் சும்மா அசையும் தளர்வு, என்பதே இல்லை, கேபிளை முறுக்கிக் கட்டியதுபோல் இழுத்து வைத்திருந்தார்கள். என் வண்டிக் கையேட்டில் லிவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. தளர்வு இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. அது இல்லாவிட்டால் லிவரை விட்ட பிறகும் கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே நிற்கும், பிளேட்டுகள் முழுதாக அழுந்தாது. இதைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனரும் ஐந்து நிமிடமும் போதும். சரிசெய்ததும் பாதி குணமானது, மீதி போகவில்லை.

அப்புறம்தான் பில்லைக் கவனித்தேன். ஆயில் பெயருக்குப் பக்கத்தில் 'ஜாசோ எம்பி' என்று இருந்தது. ஜாசோ என்பது இருசக்கர வண்டி ஆயிலுக்கான ஜப்பானியத் தரக் குறியீடு; அதில் எம்பி வகை ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டருக்கானது. அங்கே கிளட்ச் இன்ஜின் ஆயிலில் நனைவதில்லை, அதனால் உராய்வைக் குறைக்கும் சரக்கு அதில் இருந்தாலும் பாதகமில்லை. என் வண்டியில் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே முங்கிக் கிடக்கிறது. அதற்கு எம்ஏ அல்லது எம்ஏ2 வகைதான் வேண்டும். வழுக்கலைத் தரும் ஆயிலை ஊற்றிவிட்டு வழுக்குகிறது என்று பிளேட்டைக் குறை சொல்லியிருக்கிறீர்கள். புது பிளேட்டும் அதே ஆயிலில்தான் ஓடியது.

நல்லவேளை, பழைய பிளேட்டுகளைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். செய்தித்தாளில் சுற்றித்தான் கொடுத்தார்கள். வெர்னியரில் அளந்தேன்: ஒவ்வொன்றும் 2.9 மி.மீ. கையேட்டின்படி 2.6-க்குக் கீழே தேய்ந்தால்தான் பிளேட்டை மாற்ற வேண்டும். ஒன்றுகூடத் தேயவில்லை! உங்கள் பட்டறையில் யாராவது ஒருவர் ஒரு பிளேட்டையாவது அளந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

எம்பி ஆயிலை வடித்துவிட்டு சைடு கவரைக் கழற்றினேன். புது பிளேட்டுகளின் மேல் கண்ணாடிபோல் பளபளப்பு. ஸ்டீல் பிளேட்டில் ஒன்று ஓரத்தில் நீலம் பாரித்திருந்தது, சூட்டில் வந்தது. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தேன், வளையவில்லை. ஸ்பிரிங்குகளின் நீளமும் சரியாகவே இருந்தது. பழைய பிளேட்டுகளைக் கழுவி, எமரித் தாளில் லேசாகத் தேய்த்து, எம்ஏ2 ஆயிலில் ராத்திரி முழுக்க ஊறவைத்து மாட்டினேன். புது கேஸ்கெட், புது ஆயில். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். இப்போது அதே மேட்டில் கடைசி கியரிலேயே ஏறுகிறது. நீங்கள் தேய்ந்துபோனது என்று கழற்றிய பிளேட்டில்தான் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

பிளேட் செட்டின் விலை, இரண்டு முறை வாங்கிய கூலி, நான் மறுபடி வாங்கிய ஆயிலுக்கும் கேஸ்கெட்டுக்குமான தொகை ஆகியவற்றைத் திருப்பித் தர வேண்டுகிறேன். பளபளத்த பிளேட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், உங்கள் ஆளை அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம். கியர் வண்டிக்கு ஸ்கூட்டர் ஆயில் எப்படி வந்தது என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். அன்று என் வண்டிக்கு மட்டும்தான் ஊற்றினார்களா, அந்த வாரம் வந்த எல்லா வண்டிக்குமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பில், ஜாப் கார்டு, வெர்னியர் அளவின் புகைப்படங்கள் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்தில் இதே தாள்களைக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்