அந்த அறைக்குள் ஒவ்வொருவராக விடுங்கள்

கலைக்கூடங்களை நடத்துகிறவர்களுக்கும் கண்காட்சி அமைப்பாளர்களுக்கும் வணக்கம்.

மனசுக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கும் நினைவு, ஆசை, வெளியே சொல்லக் கூசும் விஷயம், இவற்றையெல்லாம் ஓர் அறையாகவே கட்டி எங்களை உள்ளே அழைக்கும் நிறுவல் கலைக்கு இடம் தருகிறீர்கள். அதற்கு நன்றி. ஆனால் எங்களைக் கூட்டமாக உள்ளே அனுப்புகிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா 1994இல் செய்த ‘சிவப்பு அறை (பெற்றோர்)’ படைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கதவுகளை வளைத்து நிறுத்திய அடைப்பு. இடுக்கு வழியாகத்தான் பார்க்க வேண்டும். சிவப்புப் படுக்கை, அதன்மேல் ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்று பிரெஞ்சில் தைத்த ஒரு சின்னத் தலையணை. அம்மா அப்பாவின் அறையை ஒளிந்து பார்க்கும் குழந்தையாகவே ஆகிவிடுகிறோம். பின்னால் நிற்பவர் “கொஞ்சம் நகருங்க” என்றால் போச்சு. மிஞ்சுவது வெறும் கட்டில்தான்.

1966இல் லாஸ் ஏஞ்சலீஸ் மாவட்ட அருங்காட்சியகத்தில் அமெரிக்கக் கலைஞர் எட்வர்ட் கீன்ஹோல்ஸ் ஒரு காரையே படைப்பாக வைத்தார். பின்சீட்டில் ஒரு ஜோடியின் உருவங்கள் கூடிக் கிடக்கும். ஆபாசம் என்று மாவட்ட நிர்வாகிகள் கொதித்தார்கள். கடைசியில் ஒரு சமரசம்: கார்க் கதவு மூடியே இருக்கும், 18 வயது தாண்டியவர் கேட்டால், பக்கத்தில் சிறுவர்கள் இல்லாதபோது, காவலர் திறந்து காட்டுவார். சிறுவர்களைக் காத்தது சரி. ஆனால் வாய்விட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டியவருக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்! பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டூஷாம்பின் கடைசிப் படைப்பு 1969 முதல் பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு மரக்கதவு, அதில் கண்வைத்துப் பார்க்க இரண்டு துளைகள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்கலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அந்தரங்கத்துக்கு இதுதான் மரியாதை என்பேன்.

கூட்டம் குறைந்தால் வருமானமும் குறையும் என்பீர்கள். நியாயமான கவலைதான். ஆனாலும் 2004இல் லண்டனில் ஜெர்மன் கலைஞர் கிரெகோர் ஷ்னைடர் ஒரே மாதிரியான இரண்டு வீடுகளை அமைத்தபோது, முன்பதிவு செய்த இருவரிடம் சாவி கொடுத்து, ஆளுக்கொரு வீட்டுக்குள் தனியாகத்தான் அனுப்பினார்கள். அப்புறம் வீடு மாற்றிக்கொள்ள வேண்டும்.

உங்களாலும் முடியும். எல்லா நாளும் வேண்டாம், வாரத்தில் ஒரு நாளாவது முன்பதிவு வைத்துத் தனித்தனியாக விடுங்கள். கைபேசியை வாசலிலேயே வாங்கி வையுங்கள். உள்ளே வன்முறையோ பாலியல் காட்சியோ இருந்தால் நுழையும் முன்பே சொல்லிவிடுங்கள். பழைய காயத்தோடு வருகிறவர்களும் இருப்பார்கள். பாதியில் வெளியேற நினைப்பவருக்கு, யாரும் ஏன் என்று கேட்காத ஒரு வழியும் வையுங்கள்.