அந்தப் போட்டோவில் இருப்பது யார் என்று கேட்டாய்

அக்கா,

அப்பா போய் நாளையோடு ஒரு வருடம். என்ன நடந்தது, நீ ஏன் வரவில்லை, இரண்டும் உனக்குத் தெரியும். இங்கே வந்து படிப்பவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அதனால் ஸ்டார் வார்ஸ் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதே. நாம் இரண்டு பேரும் கத்தாமல் பேசிக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான். அதிலும் பாதி நாள் கத்தியிருக்கிறோம்.

மூன்றாவது படத்தை, 1983-ல் வந்ததை, கேசட்டில் பார்த்த ராத்திரி. எனக்குப் பத்து வயது, உனக்குப் பதினாலு. சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் பார்த்தோம், ஏன் என்று உனக்குத் தெரியும். மகன் லூக் துடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்ற கறுப்பு முகமூடி வில்லன் டார்த் வேடர், சட்டென்று பேரரசனைத் தலைக்கு மேல் தூக்கிப் பள்ளத்தில் எறிகிறான். நான் துள்ளிக் குதித்தேன். பிறகு லூக் அந்த முகமூடியைக் கழற்றுகிறான். அத்தனை கறுப்புக்கும் உள்ளே வெளுத்துப்போய், தழும்போடு, ஒரு கிழவர். நான் அழுதுவிட்டேன். நீ பாஸ் பட்டனை அமுக்கினாய். அந்த முகம் கோடு கோடாக நடுங்கிக்கொண்டு திரையில் நின்றது.

“பையனைக் காப்பாத்தினான், சரி. ஆல்டரான்ல எத்தனை பசங்க இருந்திருப்பாங்க?”

ஆல்டரான், முதல் படத்தில் பேரரசு வெடிக்க வைத்த கிரகம். சுடச் சொன்னது தளபதி டார்க்கின், வேடர் இல்லை என்றேன். பத்து வயது வக்கீல்.

“பக்கத்துல நின்னான்ல? அவளைப் பிடிச்சு நிறுத்தி வச்சது யாரு?”

பதில் இல்லை. தன் கிரகம் வெடிப்பதை லூக்கின் தங்கை போல இரட்டையாகப் பிறந்த லேயா பார்க்கும்போது அவளுக்குப் பின்னால் நிற்பது வேடர்தான். அப்பா, மகள் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் விட்டிருப்பானா என்று நீ கேட்டாய். அதன் பிறகு பாஸை எடுக்கவே இல்லை. டேப் தானாக நிற்கும்வரை அந்தக் கிழவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அதே படத்தில் இன்னொன்று, போன வருடம்தான் என் கண்ணில் பட்டது. வேடருக்குச் சிதை மூட்டும்போது லூக் தனியாக நிற்கிறான். லேயா வரவில்லை. ஏன் வரவில்லை என்று படத்தில் ஒருவரும் கேட்பதில்லை. நம் வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். “டிக்கெட் கிடைக்கலை” என்று நான்தான் சொன்னேன். அப்பாவைக் கொன்றது வேடர் என்று லூக்கிடம் சொல்லிவிட்டு, பிடிபட்டதும் “ஒரு கோணத்தில் பார்த்தால் அதுவும் உண்மைதான்” என்று அவன் குரு ஓபி-வான் சமாளிப்பாரே, அந்த ரகம். மன்னித்துக்கொள். உன்னைக் காப்பாற்றத்தான் சொன்னேன். இல்லை, அந்தக் கூடத்தில் நின்றுகொண்டிருந்த என்னைக் காப்பாற்ற.

ஆனால் ஒன்று. லூக்கின் கையை வெட்டியதும் அதே வேடர்தான். நீ எப்போதும் ஆல்டரானையே சொல்வாய், அந்தக் கையைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டாய். நீ பதினெட்டு வயதில் கிளம்பிப் போனாய். அதற்குப் பிறகு எட்டு வருடம் அந்த வீட்டில் இருந்தது நான். அந்த எட்டு வருடத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. நீயும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

கடைசிக் காலத்தில் அவர் என் மகளுக்குத் தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டார். மூன்று கால் எடுத்து, நிதானமாக, ஒரு முடி இழுபடாமல். அது எந்தக் கை என்று நம் இருவருக்கும் தெரியும். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். நீ பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று நினைத்துக்கொள்வேன். பாஸ் பட்டன்தான்.

நல்லவன், கெட்டவன் என்று கோடு போட்ட கதைகள் என்றுதான் ஸ்பேஸ் ஓபராவை, இந்த மாதிரி விண்வெளிச் சாகசக் கதைகளை, எல்லோரும் இளக்காரமாகப் பேசுவார்கள். அந்தப் பெயரே 1941-ல் எழுத்தாளர் வில்சன் டக்கர் மட்டம் தட்டுவதற்காக வைத்ததுதான். நீ அதற்குப் பதிலாக பாபிலோன் 5 டிவி தொடரைக் காட்டுவாய். நார்ன் கிரகத்தின் மேல் கல்மழை விழுவதைக் கப்பல் ஜன்னலில் நின்று பார்த்த எதிரி இனத்து லோண்டோவை, கடைசியில் நார்ன்காரன் ஜிகார் மன்னிக்கிறான். ஆனால் தன் சார்பில் மட்டும். என் மக்கள் உன் மக்களை மன்னிக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுத்தான். அடிபட்டவன் தன் பங்கை மட்டும்தான் தள்ளுபடி செய்யலாம் என்பாய். நான் உன் பங்கையும் சேர்த்துத் தள்ளுபடி செய்துவிட்டேன். நீ கோபப்பட்டது அதற்குத்தான் என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது.

படத்தையே பின்னால் திருத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? 1977-ல் வந்த முதல் படத்தில், தன்னைப் பிடிக்க வந்த கிரீடோவை மேஜைக்கு அடியிலிருந்து கடத்தல்காரன் ஹான் சோலோதான் சுடுவான். 1997 பதிப்பில் கிரீடோவை முதலில் சுட வைத்து, ஹான் கையில் இருந்த கறையைக் கழுவிவிட்டார்கள். அதற்கு இரண்டு பேரும் சேர்ந்து திட்டினோம். 2004 டிவிடியில் இன்னும் மோசம். மூன்றாவது படத்தின் கடைசிக் காட்சியில் வேடரின் ஆவியாக வந்து நின்ற கிழவர் செபாஸ்டியன் ஷாவை எடுத்துவிட்டு, இளவயது வேடராக நடித்த ஹேடன் கிறிஸ்டென்சனை நிறுத்தினார்கள். கெட்டுப்போவதற்கு முந்தைய முகம். “செஞ்சதெல்லாம் யாரு, அந்தக் கிழவன்தானே? அவனை எங்க ஒளிச்சு வச்சாங்க?” என்று போனில் கத்தினாய். நான் ஆமாம் ஆமாம் என்றேன்.

அப்புறம் அப்பாவின் இரங்கல் அறிவிப்புக்கு அவருடைய இருபத்தெட்டு வயதுப் போட்டோவைக் கொடுத்தேன். நாம் பிறப்பதற்கு முன்னால் எடுத்தது. சுருட்டை முடி, சிரிப்பு. உன்னிடமிருந்து ஒரே வரி வந்தது: “யாரு இது?”

அப்போது எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. வராதவளுக்கு என்ன பேச்சு என்று டைப் செய்து, அழித்தேன். அது இன்னமும் முழுசாகப் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

நேற்று கூடத்துச் சுவரில் படத்தை மாற்றினேன். இப்போது இருப்பது கடைசி வருடத்துப் போட்டோ. நெற்றிச் சுருக்கம், கேமராவை முறைக்கும் அதே பார்வை. மகள் பார்த்துவிட்டு, “தாத்தா ஏன் கோவமா இருக்காரு?” என்றாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அந்தக் கேசட் என்னிடம்தான் இருக்கிறது. அதில் இன்னமும் கிழவர்தான் நிற்கிறார். போட்டுப் பார்க்க என்னிடம் மெஷின் இல்லை. உன்னிடம் இருக்கிறதா?