2 ஸ்ட்ரோக் அபராதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. வேலை அதிகம் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். அன்றைய கோல்ஃப் போட்டியில் ஒன்பதாவது ஹோலில் நடந்ததற்குப் பிறகு எந்த முகத்தோடு எழுதுவது என்று தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான். இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் தேவலையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் ஸ்லைஸ் இன்னும் உயிரோடுதான் இருந்தது. டிரைவரை, அதாவது தூரம் அடிக்கிற அந்தப் பெரிய மட்டையை, எடுத்தால் பந்து இடப்பக்கமாகக் கிளம்பும். பாதி வழியில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி வலப்பக்கம் திரும்பி மரங்களுக்குள் போய்விடும். பொறுக்க முடியாமல் ஒரு நாள் போனைப் பையில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்து நம் கூட்டத்துக்கு அனுப்பினேன். அங்கே பிடித்தது சனி.

கிரிப்பை, மட்டையைப் பிடிக்கிற விதத்தை, மாற்று என்றார் புரொபசர். இடுப்பு சுழலவே இல்லை என்றான் குட்டை. தலையைத் தூக்கிவிட்டாய் என்று நாலு பேர். இந்தத் தலை விவகாரம் ஜாதக தோஷம் மாதிரி, யாருக்குச் சொன்னாலும் பொருந்தும். பந்து கிளப்போடு (மட்டையோடு) ஒட்டியிருப்பதே நொடியில் 2000-ல் ஒரு பங்கு நேரம்தான். பந்து போன திசையைப் பார்க்கத் தலை நிமிர்வதைக் குற்றம் என்று எழுதிவிடுகிறார்கள். இன்னொருவன் என் ஸ்விங், மட்டையை வீசுகிற விதம், பார்க்க அழகாக இல்லை என்றான். அமெரிக்க ஆட்டக்காரர் ஜிம் ஃப்யூரிக்கின் ஸ்விங் மட்டும் அழகா? அதை வைத்துத்தானே 2003-ல் யு.எஸ். ஓபன் ஜெயித்தார், 2016-ல் ஒரு சுற்றை வெறும் 58 அடியில் முடித்தார்!

நான்தான் மடையன், எல்லார் சொன்னதையும் ஒரே ஸ்விங்கில் செய்து பார்த்தேன். உச்சியிலிருந்து கிளப் கீழே வந்து பந்தைத் தொட ஏறக்குறைய கால் நொடி ஆகிறது. அதற்குள் கட்டைவிரல், இடுப்பு, முழங்கை, தலை என்று எத்தனை பேருக்குப் பதில் சொல்வது? ஒரு நாள் பந்து அப்படியே இருக்க, புல்கட்டி மட்டும் பறந்தது.

கடைசியில் ஒரு கோச்சிடம் போனேன். மனிதர் கால் மணி நேரம் வாயே திறக்கவில்லை. முதலில் என் போனை எடுத்து இடம் மாற்றினார். எனக்குப் பின்னால், இலக்குக்கு நேர்கோட்டில், கைகளின் உயரத்தில். கொஞ்சம் தள்ளி வைத்தாலும் கிளப் போகும் பாதை வேறு மாதிரி தெரியுமாம். ஆக, நம் ஆட்கள் இத்தனை நாள் வைத்தியம் பார்த்தது கோணலாக இருந்த போனுக்கு.

அப்புறம் பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை டிரைவர் முகத்தில் மெல்லிசாக அடித்து, "அடி" என்றார். நடுவில் பட்டது என்று சத்தியமே செய்திருப்பேன். வெள்ளைப் பவுடரில் பந்தின் வட்டம் ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) பக்கமாக, மட்டையின் குதிகாலில் பதிந்திருந்தது. மறுபடி அடித்தேன், அதே இடம். அங்கே பட்டாலே வலப்பக்கச் சுழற்சி கூடும்.

பிறகு என் பாதங்களின் நுனியை ஒட்டி ஒரு குச்சியைப் போட்டு, பின்னால் வந்து பார்க்கச் சொன்னார். குச்சி இடப்பக்கக் காட்டைக் காட்டியது, மாப்பிள்ளை. பந்து வலப்பக்கம் போகும் என்ற பயத்தில் இடப்பக்கம் திரும்பி நிற்கிறேன். அப்படி நிற்பதால் கிளப் வெளியிலிருந்து உள்ளே குறுக்காக வெட்டுகிறது. அதனால் இன்னும் வளைகிறது. நான் இன்னும் திரும்புகிறேன்.

"உன் தோள் இடப்பக்கம் பார்க்கிறது." ஒன்பதாவது ஹோலில் நீ சொன்னது இந்த ஒரே வரிதான். போட்டி நடுவில் யோசனை சொல்லக்கூடாது, விதி 10.2 என்று எல்லார் முன்னாலும் கத்தி உன் கணக்கில் 2 ஸ்ட்ரோக் (அடி) கூட்டி அபராதம் போடவைத்தேன். விதி சரிதான். ஆனால் எனக்குக் கோபம் வந்தது விதிக்காக இல்லை. பன்னிரண்டு வருஷமாக, அந்தக் கோச் போனை வைத்தாரே, அதே இடத்தில் நின்று என்னைப் பார்த்தவன் நீ ஒருவன்தான். நீ சொன்னால் அது உண்மையாக இருந்துவிடுமே என்று பயம். மன்னித்துவிடு.

இப்போது நேராக நின்றால் வலப்பக்கக் குளத்தைப் பார்த்து நிற்பது போலவே இருக்கிறது. குச்சி நேர் என்கிறது, உடம்பு ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது. இரண்டு வீடியோ அனுப்புகிறேன், பின்னாலிருந்து ஒன்று, எதிரிலிருந்து ஒன்று, இரண்டும் ஸ்லோ மோஷனில். ஒரே கேள்விதான்: தோள் இன்னும் இடப்பக்கம் பார்க்கிறதா? முழங்கையைப் பற்றிப் பேச்சே எடுக்காதே. பார்த்ததும் பதில் போடு.

அந்த 2 ஸ்ட்ரோக்கைக் கழித்தால் அன்றைக்கு யார் ஜெயித்தது என்று நீ கணக்குப் போட வேண்டாம். நான் போட்டுப் பார்த்துவிட்டேன். கோப்பை என் வீட்டில் அலமாரியில் இருக்கிறது. வந்து எடுத்துக்கொண்டு போ.

உன்,
மச்சான்