ரத்த குரூப் பொருத்தம் என்று ஒன்று இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் இப்போது பெண் பார்க்கப் போனால் ஜாதகத்தோடு ரத்த குரூப்பையும் கேட்கிறார்கள். இருவருக்கும் ஒரே குரூப் என்றால் பிள்ளை குறையோடு பிறக்குமாம். பேசி முடித்த சம்பந்தத்தைக்கூட இதற்காகக் கலைக்கிறார்கள். இதில் துளியும் உண்மையில்லை. தமிழ்நாட்டில் ஓ குரூப்காரர்கள்தான் அதிகம், அடுத்து பி. ஒரே குரூப் ஆகாது என்றால் எத்தனையோ வீட்டில் தாலியே ஏறியிருக்காது!

பிள்ளைக்கு அப்பாவிடமிருந்து ஒரு மரபணு, அம்மாவிடமிருந்து ஒன்று. ஏ, பி இரண்டும் வெளியே தெரியும்; ஓ அவற்றுக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். 1924இல் ஜெர்மனியின் கணித அறிஞர் பெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன், மக்களிடையே எந்த குரூப் எவ்வளவு என்ற கணக்கை வைத்தே இதை நிறுவினார். ஏ குரூப் பெற்றோர் இருவரிடமும் ஓ ஒளிந்திருந்தால் ஓ பிள்ளை பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு. பாசிட்டிவ் பெற்றோருக்கு நெகட்டிவ் பிள்ளை பிறப்பதும் இப்படித்தான். இது தெரியாமல், பள்ளி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு மருமகளைச் சந்தேகப்படுகிற மாமியார்களும் இருக்கிறார்கள். கொடுமை.

பெண் நெகட்டிவ், மாப்பிள்ளை பாசிட்டிவ் என்றால் மட்டும் கவனம் வேண்டும். அதற்கும் கல்யாணத்தை நிறுத்த வேண்டாம். கர்ப்பத்தின் 28ஆவது வாரத்திலும், பிள்ளை பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள்ளும், தாயின் உடல் பாசிட்டிவ் பிள்ளையின் ரத்தத்தை எதிரியாக நினைக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி போட்டுக்கொண்டால் போதும்.

குரூப்புக்கு இவ்வளவு பயப்படுகிற வீட்டில்தான் அக்கா மகளைத் தம்பிக்குக் கட்டிவைக்க யாரும் யோசிப்பதில்லை. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் சராசரியாகக் கால் பங்கு மரபணு பொது. மறைந்து கிடக்கும் குறை இரு பக்கமிருந்தும் வந்து பிள்ளையிடம் சேர்வதற்கு அங்கேதான் வழி அதிகம். ரத்தத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1952இல் மும்பை மருத்துவர் ஒய்.எம். பெண்டே குழுவினர் அறிவித்த ‘பாம்பே குரூப்’ என்ற அரிய ரத்த வகை, வழக்கமான சோதனையில் ஓ போலவே தெரியும். ஆனால் ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. பாம்பே குரூப் ரத்தம்தான் சேரும். பெற்றோர் இருவரும் அந்த அரிய மரபணுவைக் கொடுத்தால்தான் இது வரும். சொந்தத்தில் கட்டும் குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடுகிறது.

ஏற்கெனவே சொந்தத்தில் கட்டியவர்கள் பயந்து நடுங்க வேண்டியதில்லை; பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றன. ஆனால் கர்ப்பத்துக்கு முன்பே, முடியாவிட்டால் முதல் பரிசோதனையிலேயே, “நாங்கள் சொந்தம்” என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

— ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்