எங்கள் தெருவுக்கு ஒரு கவுன்சிலர் வேண்டும்: புதுச்சேரி தலைமைச் செயலாளருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை மற்றும் தெருவாசிகள்,
கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே உள்ள தாழ்வான பகுதி,
புதுச்சேரி.

பெறுநர்:
உயர்திரு தலைமைச் செயலாளர் அவர்கள்,
தலைமைச் செயலகம்,
புதுச்சேரி.

பொருள்: உள்ளாட்சித் தேர்தலை உடனே நடத்தக் கோருதல் – சட்டப்பேரவை நியமன உறுப்பினர்களின் வாக்குரிமையை மறுபரிசீலனை செய்ய மத்திய அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுதல் – வீடுகளுக்குள் கழிவுநீர் ஏறுவது – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நாங்கள் முன்பு அளித்த மனுக்கள். பதில் ஏதும் பெறப்படவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். குறைதீர் முகாமில் நேரிலும் பிறகு தபாலிலும் கொடுத்த மனுக்களின் தொடர்ச்சியாக இதை எழுதுகிறோம். ஒரு மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது, மற்றவற்றுக்கு அதுவும் இல்லை. தங்களுடைய பணிச்சுமையை நாங்கள் அறியாதவர்கள் அல்ல. ஆனால் ஐப்பசி பிறந்துவிட்டது. அடைமழை தொடங்குவதற்குள் இது தங்கள் பார்வைக்கு வந்தாக வேண்டும் என்பதால் மீண்டும் எழுதத் துணிந்தோம்.

எங்கள் பகுதியைத் தங்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இந்திரா காந்தி சிலைச் சதுக்கத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் எங்கள் தெருவில் எந்த அளவு நிற்கும் என்று தாங்களே கணக்கிட்டுவிடுவீர்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியபோது கிருஷ்ணா நகரில் மக்களை மீட்க ராணுவமே வந்தது. அப்போது நேரில் பார்த்த அதிகாரிகள் பலர். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

1. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து, 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. அதன் பிறகு இன்றுவரை தேர்தல் இல்லை. 5 நகராட்சிகளையும், கிராமப்புறங்களுக்கான 10 கொம்யூன் பஞ்சாயத்துகளையும் அதிகாரிகளே நடத்துகிறார்கள்.

2. நகராட்சி மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டுதான், அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-யு பிரிவு சொல்கிறது. 2021இல் தேர்தல் ஆணையம் தேதிகூட அறிவித்தது. இடஒதுக்கீடு தொடர்பான வழக்குகளால் அது நின்றுபோனது. வழக்கு வருவது இயல்பு. ஆனால் வழக்கைத் தீர்த்துத் தேர்தலை நடத்த இத்தனை ஆண்டுகளா வேண்டும்?

3. எங்கள் துன்பத்தில் பெரியதைச் சொல்கிறோம். பாதாளச் சாக்கடை வீட்டுக்குள் ஏறுகிறது, ஐயா. மழை பெய்தால்தான் என்றில்லை. விடியற்காலையில் எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் புழங்கினாலே மூலையிலுள்ள மேன்ஹோல் மூடியின் ஓரத்தில் கறுப்புத் தண்ணீர் கசியத் தொடங்கும். சற்று நேரத்தில் தாழ்வான வீடுகளின் கழிவறைக் கோப்பைகளில் களக் களக்கென்று சத்தம் கேட்கும். அதைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவோம். பழைய புடவையைச் சுருட்டிக் கோப்பையில் அடைத்து அதன்மேல் மணல் மூட்டையை வைக்க வேண்டும். சில நிமிடம் தாமதித்தாலும் தண்ணீர் கூடத்துக்கு வந்துவிடும். என் மாமியார் நடக்க இயலாதவர். அவரைக் கட்டிலோடு தூக்கி முன்னறையில் போட்டுவிட்டு, அவர் காலைக்கடன் கழிக்க வாளி வைத்துக் கொடுக்கிறோம். எண்பது வயதைக் கடந்தவர் பிள்ளைகள் முன்னால் கூனிக்குறுகி அழுகிறார். பெண்பிள்ளைகள் பள்ளிச் சீருடையைப் பையில் எடுத்துக்கொண்டு அடுத்த தெருவிலுள்ள உறவினர் வீட்டுக்குப் போய்க் குளித்துக் கிளம்புகிறார்கள். எத்தனை நாள்தான் அவர்களும் முகம் சுளிக்காமல் கதவு திறப்பார்கள்?

2024 ஜூனில் ரெட்டியார்பாளையம் புதுநகரில் கழிவறை வழியாக வந்த விஷவாயு தாக்கி, பள்ளி மாணவி உட்பட மூன்று பெண்கள் இறந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் தெருவில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. பிள்ளைகள் கழிவறைக்குப் போனால் தாழ்ப்பாள் போடக் கூடாது. தாயோ பாட்டியோ வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், உள்ளிருந்து பதில் வந்துகொண்டே இருக்க வேண்டும். வயது வந்த பெண்களுக்கும் இதுதான் நிலை. இப்படி ஒரு வீட்டில் தாங்கள் வசிப்பதாக ஒரு கணம் நினைத்துப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.

யாரிடம் போவது? ஓர் அலுவலகம் மழைநீர் வாய்க்கால் மட்டுமே தங்கள் பொறுப்பு என்கிறது. இன்னோர் அலுவலகம் வாய்க்காலில் அடைப்பு இருப்பதால்தான் சாக்கடை ஏறுகிறது என்கிறது. தெருவை அறிந்த பொறியாளர் மாற்றலாகிவிட்டார், புதிதாக வந்தவருக்கு நாங்கள் மறுபடி முதலிலிருந்து சொன்னோம். அவரும் மாற்றலாகிவிட்டார்.

2006 முதல் 2011 வரை எங்களுக்கு ஒரு கவுன்சிலர் இருந்தார். நான் வாக்களிக்காத கட்சிக்காரர். ஆனாலும் ஒரு மழை இரவில் வேட்டியை மடித்துக் கட்டி, கையில் டார்ச்சுடன் எங்கள் மேன்ஹோல் பக்கத்தில் நின்றார். இரண்டு அலுவலகத்துக்கும் அவரே போன் செய்தார். கழிவுநீர் உறிஞ்சும் வண்டி வந்து வேலை முடியும்வரை இடத்தைவிட்டு நகரவில்லை. அவர் மகான் அல்ல. அடுத்த தேர்தலில் இதே தெருவுக்கு வந்து, இதே வீட்டுக் கதவைத் தட்டி வாக்குக் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பயம் இன்று யாருக்கு இருக்கிறது?

4. சாக்கடைக்கும் சட்டப்பேரவை நியமனத்துக்கும் என்ன தொடர்பு என்று தாங்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டப்படி, மக்கள் தேர்ந்தெடுக்கும் 30 பேருடன் மூவர் வரை மத்திய அரசு நியமிக்கலாம். 2017இல், அதற்கு முந்தைய ஆண்டுத் தேர்தலில் இங்கே ஓர் இடம்கூட வெல்லாத கட்சியைச் சேர்ந்த மூவர் நியமிக்கப்பட்டார்கள். இங்குள்ள அரசைக் கலந்தாலோசிக்கத் தேவையில்லை என்றும், அவர்கள் பட்ஜெட்டிலும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் வாக்களிக்கலாம் என்றும் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை மதிக்கிறோம். சட்டம் அப்படி இருக்கிறது என்றால் சட்டத்தைத் திருத்தக் கேட்பதும் குடிமக்கள் உரிமைதானே?

அன்றைய அரசு பேரவையில் நம்பிக்கை கோரிய 2021 பிப்ரவரி 22ஐ நினைத்துப் பாருங்கள். உறுப்பினர்கள் சிலர் பதவி விலகியதாலும் ஒருவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டதாலும் பேரவையில் 26 பேர்தான் இருந்தார்கள். அரசுப் பக்கம் சபாநாயகர் உட்பட 12 பேர், எதிர்ப்பக்கம் 14 பேர். அந்த 14 பேரில் மூவர் நியமன உறுப்பினர்கள். மக்கள் வாக்கில் வந்தவர்களை மட்டும் எண்ணினால் 12க்கு 11. அன்று அரசு வீழ்ந்தது. அந்த அரசுக்காக நான் வருந்தவில்லை, எங்கள் சாக்கடையை அதுவும் சரிசெய்யவில்லை. நாளை எந்தக் கட்சி ஆட்சிக்கும் இதே கதி வரலாம் என்பதால் சொல்கிறேன்.

நியமனமே கூடாது என்பதல்ல எங்கள் வாதம். மாநிலங்களவைக்குக் குடியரசுத் தலைவர் 12 பேரை நியமிக்கிறார். இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை ஆகியவற்றில் தேர்ச்சி உள்ளவர்கள் என்று தகுதி எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் பேரவையின் நியமன உறுப்பினர் மூவருக்கு அப்படி எந்தத் துறைத் தகுதியும் சொல்லப்படவில்லை, அரசு ஊழியராக இருக்கக் கூடாது என்பதே விதி. (1952இல் சென்னையில் ராஜாஜி தேர்தலில் நிற்காமல் மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதல்வரானதை நான் வகுப்பில் பாடமாக நடத்தியிருக்கிறேன். அந்த மேலவையே 1986இல் போய்விட்டது, தேர்தலில் நிற்காதவர் ஆட்சியைத் தீர்மானிக்கலாமா என்று அன்று எழுந்த கேள்வி மட்டும் எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிறது.)

இன்னொன்றையும் கவனியுங்கள். நகராட்சி மன்றத்திலும் நிர்வாக அனுபவம் உள்ளவர்களை நியமிக்க 243-ஆர் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. புதுச்சேரியின் ஒரே மாநிலங்களவை இடத்துக்கான தேர்தலிலும் நியமன எம்.எல்.ஏ.க்கள் வாக்களிக்க முடியாது. அப்படியானால், தெருச் சாக்கடைக்கு மூடி வாங்கும் தீர்மானத்தில் நியமன உறுப்பினருக்கு வாக்கில்லை, ஓர் அரசையே கவிழ்க்கும் தீர்மானத்தில் வாக்கு உண்டு. இது என்ன நியாயம், ஐயா?

5. “அதுதான் எம்.எல்.ஏ. இருக்கிறாரே, அவரிடம் சொல்லுங்கள்” என்கிறார்கள். சொன்னோம். அவர் வந்தார், பார்த்தார், வருத்தப்பட்டார். சட்டம் இயற்ற வேண்டியவரைச் சாக்கடைக்கும் ரேஷன் அட்டைக்கும் அலைய வைப்பது அவருக்கும் நல்லதல்ல, எங்களுக்கும் நல்லதல்ல.

6. நியமனம் என்றால் மட்டும் வேலை எவ்வளவு வேகமாக நடக்கிறது! 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், முதல்வர் பதவியேற்ற சில நாட்களுக்குள் மூன்று நியமன உறுப்பினர்கள் அறிவிக்கப்பட்டார்கள். 2025இல் அந்த மூவரும் பதவி விலகினார்கள், சில வாரங்களில் புதிதாக மூவர் பதவியேற்றார்கள். கோப்பு எங்கும் தேங்கவில்லை, யாரும் மாற்றலாகிப் போகவில்லை. எங்கள் வார்டு மட்டும் 2011இலிருந்து காலியாகக் கிடக்கிறது. நியமிக்கப்பட்டவர் தன்னை நியமித்தவரையே பார்த்துக்கொண்டிருப்பார். அதை அவருடைய குணக்கேடு என்று சொல்ல மாட்டேன், அந்தப் பதவி அப்படித்தான் அமைந்திருக்கிறது. நகராட்சியை நடத்தும் அதிகாரியும் மேலிடத்தைத்தான் பார்க்கிறார். எங்களைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இருக்கும் ஒரே ஒருவரைக் கேட்கிறோம். அதுவும் அதிகமா?

7. 1880இலேயே பிரெஞ்சு ஆட்சி நகராட்சிகளை ஏற்படுத்திய ஊர் இது. 2014 மழையில் இடிந்த மேரி கட்டடத்தை, அதாவது பிரெஞ்சுக் கால நகராட்சி மண்டபத்தை, பழைய வடிவிலேயே கடற்கரையில் அழகாகக் கட்டி முடித்துவிட்டோம். அதில் உட்கார ஒரு தலைவரோ மன்றமோ இல்லை.

8. மழை வரப்போகிறது, ஐயா.

ஆகவே கனிவுடன் வேண்டுவது: நகராட்சி, கொம்யூன் பஞ்சாயத்துத் தேர்தலுக்கு இன்னும் என்னென்ன தடை இருக்கிறது, எந்த மாதத்தில் தேர்தல் நடக்கும் என்பதை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். நியமன எம்.எல்.ஏ.க்களுக்குத் தகுதி வரையறுக்கவும், அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்பில் அவர்களுக்கு வாக்கு வேண்டாம் என்று 1963ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தவும் மத்திய உள்துறைக்குப் பரிந்துரை போக வேண்டும். தேர்தல் நடக்கும்வரை, எங்கள் தெருச் சாக்கடைக்கும் வாய்க்காலுக்கும் சேர்த்து ஒரே ஓர் அதிகாரியைப் பொறுப்பாக்கி, அவருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் மேன்ஹோலுக்கு எதிரிலுள்ள மின்கம்பத்தில் எழுதி வைக்க ஆணையிட வேண்டும். அவரும் நியமிக்கப்பட்டவர்தான், தெரியும். வேறு வழி இல்லாமல் கேட்கிறோம்.

தேர்தலை நடத்துங்கள், ஐயா. யார் ஜெயித்தாலும் சரி. நாங்கள் வாக்களிக்காதவர் ஜெயித்தாலும் சரி. தயவுசெய்து தேர்தலை நடத்துங்கள். இந்த மனுவுக்காவது பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியை மற்றும் தெருவாசிகள்

இணைப்பு: தெருவாசிகளின் கையொப்பங்கள், மேன்ஹோல் மற்றும் வீடுகளின் புகைப்படங்கள், முந்தைய மனுக்களின் நகல்கள்.