மருத்துவக் காப்பீட்டை போர்ட் பண்ணத்தான் கேட்டேன், புதுப் பாலிசி எதற்குக் கொடுத்தீர்கள்?

குறைதீர் அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். பாம்பனிலிருந்து 12.6.2025 அன்று எழுதுகிறேன். பாலிசி நகல்கள், ரசீது, உங்கள் ஊழியர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் இணைத்திருக்கிறேன்.

எங்கள் குடும்பத்துக்கு 2021 மே 29 முதல் வேறொரு கம்பெனியில் மருத்துவக் காப்பீடு இருந்தது. நாலு வருடமும் தவறாமல் கட்டினோம், ஒரு கிளெய்ம்கூடப் போட்டதில்லை. அம்மாவுக்குச் சுகர் இருப்பதை முதல் படிவத்திலேயே எழுதிக் கொடுத்தோம், அதற்குக் கிளெய்ம் கிடைக்காத 48 மாதக் காத்திருப்பும் இந்த மே மாதத்தோடு முடிந்தது. அவர்கள் பட்டியலில் ஆஸ்பத்திரி என்றால் மதுரைக்குத்தான் போக வேண்டும், உங்களுக்கு ராமநாதபுரத்திலேயே இருக்கிறது என்றதால்தான் மாற நினைத்தோம்.

புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாளுக்கு முன்பே போர்ட் விண்ணப்பம் (பழைய வருடங்கள் கணக்கில் வரும்படி கம்பெனி மாறுவதற்கானது) கொடுக்க வேண்டும் என்று தெரிந்துதான், ஏப்ரல் 10 அன்றே, பாம்பன் புது ரயில் பாலம் திறந்து நாலாம் நாள், உங்கள் ஊழியரை வரச் சொன்னேன். திண்ணையில் வைத்து நாலு வருடப் பாலிசியையும் செல்போனில் படம் எடுத்தார், காற்றில் தாள் பறக்காமல் அம்மாதான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் மே 20 வரை பேச்சே இல்லை. அன்றைக்குப் போன் செய்து, "போர்ட்னா இழுத்தடிக்கும்ணே, புதுசா போட்டுருவோம், பழைய வருசமெல்லாம் தானா வந்துரும்" என்றார். நம்பி 24,600 ரூபாய் கட்டினேன்.

ஜூன் 3 அன்று பாலிசி வந்தது. அதில் 'முந்தைய காப்பீடு: இல்லை' என்று போட்டிருக்கிறது. சுகருக்கு மறுபடியும் 36 மாதம் காத்திருக்க வேண்டுமாம். இழுத்தடிக்கும் என்று அவர் சொன்னதும் பொய். பழைய கம்பெனி 72 மணி நேரத்தில் விவரம் தர வேண்டும், அது கிடைத்த 5 நாளில் நீங்கள் முடிவு சொல்ல வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதி. ஏப்ரலிலேயே அனுப்பியிருந்தால் மே பிறக்கும் முன் முடிந்திருக்கும்.

அம்மா கடற்பாசி எடுக்கப் போகிறவர். பாறை கிழிக்காமலிருக்க விரல் விரலாகத் துணி சுற்றிக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவார், அப்படியும் கிழிக்கும். போன மழைக்காலத்தில் இடது கால் கட்டைவிரலில் பட்ட காயம் பொங்கல் வரை ஆறவில்லை. சுகர் உடம்பில் அப்படி ஒரு புண் பெரிதானால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவரும் என்ற பயத்தில்தான் இந்தக் காப்பீட்டையே எடுத்தோம். இந்த மூன்று வருடத்தில் அவருக்கு ஏதாவது ஆனால் கிளெய்மை ரிஜெக்ட் செய்வீர்கள், உங்கள் காகிதப்படி அது சரியாகவும் இருக்கும். அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பழைய பாலிசியைத் தொடர்ச்சி அறாமல் புதுப்பிக்க 30 நாள் சலுகைக் காலம் உண்டு, அது ஜூன் 27 வரைதான். இரண்டு கம்பெனிக்கும் கட்டிவைக்க வழியில்லை. நான் விசைப்படகில் வேலை செய்கிறவன், ஏப்ரல் 15லிருந்து 61 நாள் தடைக்காலம், வீட்டில் வருமானமே கிடையாது. உங்களுக்குக் கட்டிய பணமே தங்கச்சி வளையலை அடகு வைத்து வாங்கியது.

அதனால் ஜூன் 20க்குள் எனக்கு எழுத்தில் பதில் வேண்டும். ஏப்ரல் 10 விண்ணப்பத்தை ஏற்று, 2021லிருந்து தொடர்ச்சி காட்டி, சுகருக்கான காத்திருப்பை நீக்கி பாலிசியைத் திருத்திக் கொடுங்கள். முடியாது என்றால் அதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பாலிசி கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லை, ரத்து செய்து பணத்தைத் திருப்பி வாங்க எனக்கு உரிமை இருக்கிறது. 27ஆம் தேதிக்குள் பணம் கணக்கில் ஏறினால்தான் பழைய பாலிசியையாவது காப்பாற்ற முடியும். இரண்டும் நடக்காவிட்டால் ஐஆர்டிஏஐயின் புகார் தளமான பீமா பரோசாவில் பதிவு செய்துவிட்டு, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் போவேன்.

தடை 14ஆம் தேதியோடு முடிகிறது, அதற்குப் பிறகு நான் கடலுக்குப் போய்விடுவேன், போனில் பிடிக்க முடியாது. கூப்பிட்டால் அம்மா எடுப்பார். என்ன முடிவு என்று அவரிடமே தெளிவாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாலிசிதாரர், பாம்பன்